வருத்தம் தெரிவித்தல்

சொதிக்குத் தேசிக்காய் பிழிந்துவிட்டுக்
கையைக் கழுவித் துடைத்தபோது கண்டேன்:
மோதிரச் சிவப்புக்குள் வெள்ளைக் கீறல்கள்,
வெண்டைக்காய் வெடித்த மாதிரி.

பதினொரு மாதம், நாளுக்கொரு தேசிக்காய்.
ஒரு மாணிக்கத்தைத் தோற்கடிக்க
அவ்வளவு போதும் என்று எனக்குத் தெரியாது.

கஸ்தூரியார் வீதியில்
குளிரூட்டிக்குக் கீழே இருத்தி
நெல்லி ரசம் தந்து விற்ற கல்.
"நெருப்பிலை கிடந்து வந்த நிறம் அம்மா, போகாது"
என்ற பெடியன் முழுப் பொய் சொல்லவில்லை.
நெருப்பில்தான் கிடந்தது.
புளியைப் பற்றி நான்தான் கேட்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் மருந்து எடுக்கும் வரிசை.
எனக்கு முன்னால் மரிய கொறற்றி,
அச்சாறு போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவள்.
அவள் விரலிலும் அதே வெடிப்பு.
சுழிபுரத்தில் இரண்டு பேர்,
சாவகச்சேரியில் கலியாண மோதிரத்தோடு ஒரு மாப்பிள்ளை,
பிறகு ஒருவரை ஒருவர் இழுத்து
அறுபத்தொரு பேர்.
சட்டத்தரணி நிரஞ்சலா கோப்பைக் கட்டியபடி சொன்னார்:
"தனியா வந்தால் முறைப்பாடு.
சேர்ந்து வந்தால்தான் வழக்கு."

கொழும்பிலிருந்து கல் சோதிப்பவர் வந்தார்.
நுணுக்குக்காட்டிக்குள் என்னையும் பார்க்கவிட்டார்.
வெடிப்பெல்லாம் கண்ணாடி.
கண்ணாடிக்குள் குமிழிகள்,
எங்கோ ஓர் உலைக்கு முன்னால் நின்றவன்
விட்டு மறந்த மூச்சு.
சரித்தால் நீலமாய் ஒரு வெட்டு.
வெளியில் சொல்லவில்லை,
விலை கொடுத்த அன்றைவிட அப்போதுதான் அது அழகு.

அறிக்கை தமிழில் வந்தது:
"சிகிச்சை அளிக்கப்பட்ட கற்கள்."
கொறற்றி என் காதுக்குள் கேட்டாள்,
"கல்லுக்கு என்னடி வருத்தம்?"
நீதிமன்ற வாங்கில் நாங்கள் அடக்கிய சிரிப்புக்குப்
பொலிஸ்காரர் இரண்டு தரம் திரும்பினார்.

சத்தியக்கடதாசியில் ஆறாம் இலக்கம்:
கொள்வனவு செய்தவர் யார்?
பணம் பெறப்பட்ட வழி?

வீட்டில் நான் சொல்லியிருந்தது,
கனடாவிலிருந்து தம்பி அனுப்பினவன் என்று.
பற்றுச்சீட்டில் இருந்தது என் பெயர்.
பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்குக் கணக்கு எழுதி,
பதினெட்டு மாதம் சீட்டுக் கட்டி,
ஒருத்தருக்கும் மூச்சு விடாமல் எடுத்தது.
ஏன் என்று கேட்க
அந்தப் படிவத்தில் இடமில்லை.
இருந்திருந்தால்
சிவப்பு பிடிக்கும் என்று எழுதியிருப்பேன்.

கடதாசியை வாசித்த மனிசன்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்,
திரும்ப மாட்டவில்லை.
"தம்பிக்கு நான் போன் எடுத்து நன்றி சொன்னனான்."
கொஞ்சம் பொறுத்து,
"அவனும் பரவாயில்லை அத்தான் எண்டவன்."

மூன்று வருடம். இடையில் நீதவான் மாறினார்,
சுழிபுரத்தில் ஒருவர் செத்தும் போனார்.
பிறகு இணக்கம்:
ஆளுக்கு ஒன்பதாயிரத்து நானூறு ரூபா,
அதே கடையில் அடுத்த நகைக்குச்
செய்கூலியில் பாதி கழிக்க ஓர் அட்டை,
ஆறு மாதத்துக்குள் பாவிக்க வேண்டும்.
கடிதத்தின் அடியில்:
"தவறு எதனையும் ஏற்றுக்கொள்ளாது
நிறுவனம் தனது வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது."

இரவு கொறற்றி எடுத்தாள்.
"சிகிச்சை கல்லுக்கு, வருத்தம் கடைக்கோ?
எந்த வாட்டெண்டு கேள்.
தோடம்பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பாப்பம்."

அட்டை மாப்பேணிக்குப் பின்னால் விழுந்து
காலாவதியாகிவிட்டது.
காசு தண்ணீர் மோட்டருக்குப் போனது.
அடைவுகடைக்காரர் மோதிரத்தை நிறுத்துக்
கல்லின் பாரத்தைக் கழித்துச் சொன்ன விலைக்குக்
கொடுக்க மனம் வரவில்லை.
வெடித்த சிவப்போடு விரலில்தான் இருக்கிறது.

தேசிக்காய் பிழிவது இப்போது அவர்.
நான் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு நாள் கத்தியை வாங்கினார், அவ்வளவுதான்.
வடிக்கத் தெரியாது, விதை விழுகிறது,
சொதி கசக்கிறது.
இன்றைக்கு இரண்டாம் தரமும்
இடியப்பத்துக்கு மேலே விடச் சொன்னேன்.